நெடுந்தீவில் ஒரு நாள்: என் இரு பெண்பிள்ளைகளுடன்

எங்கள் வீடுகளில் 'வெளியில் போய்வருவது' என்றால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் இருக்கும். கோயில் திருவிழா, உறவினர் வீட்டு நன்மை தீமை, அல்லது வைத்தியசாலை. இந்த மூன்றிலும் குடும்பப் பெண்ணுக்கு வேலை இருக்கும். ஓய்வு இராது. ஓர் இடத்தைப் பார்ப்பதற்காகவே, பார்த்து மகிழ்வதற்காகவே புறப்படுவது நம்மிடையே குறைவு. அதிலும் ஒரு தாய் தன் பெண்பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டால், "தனியவோ போறீர்?" என்று கேட்பதற்குப் படலையடியில் நாலு பேர் நிற்பார்கள். நாங்கள் போவது மூன்று பேர். ஆனாலும் ஆண்துணை இல்லாதபடியால் எங்கள் சமூகத்தின் கணக்கில் அது 'தனிய' தான்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று நிறையப் படித்தோம். ஓய்வு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை நான் களத்தில்தான் கண்டேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுடன் வேலை செய்யும்போது, "கடைசியாக எப்போது பிள்ளைகளோடு சும்மா எங்கேயாவது போனீர்கள்?" என்று கேட்டால், பல சகோதரிகள் யோசித்துவிட்டுச் சிரிப்பார்கள். பதில் வராது. காசு ஒரு காரணம். நேரம் இன்னொரு காரணம். 'சும்மா போவது' பெண்ணுக்குப் பொருந்தாத காரியம் என்ற எண்ணம் இந்த இரண்டையும்விடப் பெரிய காரணம்.

எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. இளையவளுக்கு ஆறு வயது. கணவருக்கு வவுனியாவில் வேலை, மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் வீட்டுக்கு வருவார். 2022இல் எரிபொருள் வரிசைகளிலும் விலைவாசியிலும் நாங்கள் எல்லோரும் அல்லாடிய காலத்தில் வீடும் பாடசாலையுமாகவே பிள்ளைகள் ஒடுங்கிப்போனார்கள். நிலைமை கொஞ்சம் சீரானதும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவருக்கும் என்று ஒதுக்கினேன். பஸ்ஸில் போய் அன்றே திரும்பக்கூடிய இடங்களாகப் பார்த்தோம். கீரிமலை, சாட்டி, கசூரினா கடற்கரை, யாழ்ப்பாணக் கோட்டை, பொது நூலகம், நல்லூர் மந்திரிமனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தோம். "கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று இளையவள் சாட்டியில் நின்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் நெடுந்தீவுப் பயணம் முடிவாயிற்று.

புறப்பட முன்னர்

முடிவு செய்தது இலகு, வீட்டில் ஒப்புதல் பெறுவதுதான் பெரும்பாடு. ஐந்தாம் வகுப்பு என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. அந்த ஆண்டில் பிள்ளை சிரிப்பதே குற்றம் என்பதுபோல ஒரு சூழல் எங்கள் ஊர்களில் இருக்கிறது. பாடசாலை முடிய ரியூசன், ரியூசன் முடிய மாதிரி வினாத்தாள், சனி ஞாயிறுகளில் விசேட வகுப்பு. "இந்த வருசம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கோ, பிறகு எங்கையும் போகலாம்" என்று வகுப்பு எடுப்பவர் சொன்னார். மாமி வேறொன்றைச் சொன்னா. "பிள்ளை வளர்ந்திட்டாள். இன்னும் ஒண்டு ரெண்டு வருசத்தில பெரியபிள்ளை ஆகிடுவாள். இனி இப்பிடித் திரியிறதைக் குறைக்க வேணும்."

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது கூற்றின்படி பரீட்சை முடியும்வரை போகக்கூடாது. இரண்டாவது கூற்றின்படி பரீட்சை முடிந்து கொஞ்சக் காலத்தில் போகவே கூடாது. அப்படியானால் என் மகள் தன் மண்ணைப் பார்ப்பதற்கு எந்த ஆண்டு மிஞ்சுகிறது? இதை மாமியிடம் கோபமில்லாமல் கேட்டேன். அவ சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடல் தண்ணியில பிள்ளையளைக் கவனமாப் பிடி" என்றா. மாமியின் வாயிலிருந்து வந்தால் அது சம்மதம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வினாத்தாளை மூத்தவள் வெள்ளி இரவே செய்து முடித்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள்.

நாள் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தீவகக் கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்து மழையும் பயணத்துக்கு ஒத்துவராது. மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. கடலும் அமைதி, மாரி மழையில் நிறைந்த குளங்களிலும் தண்ணீர் வற்றியிராது. நாங்கள் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். புளிச்சாதம், அவித்த முட்டை, கொஞ்சம் பனங்கட்டி, மூன்று பெரிய போத்தல்களில் தண்ணீர், இரண்டு பைக்கற் ஜீவனி, தொப்பி, மாற்றுடுப்பு. பைகளை மூவரும் பங்கிட்டோம். இளையவளின் பொறுப்பு தொப்பிகள்.

பண்ணையிலிருந்து குறிகட்டுவான் வரை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776 இலக்க பஸ் குறிகட்டுவானுக்குப் போகிறது. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். ஆழமில்லாத நீரில் தடிகளை ஊன்றிக் கட்டிய களங்கண்ணி வலைகள் வரிசையாக நிற்கின்றன. நீரோட்டத்தோடு வரும் இறாலும் மீனும் வலையின் வழியே சென்று கடைசி அறைக்குள் அகப்படும் என்று விளக்கினேன். "பிறகு வெளிய வரத் தெரியாதோ?" என்று இளையவள் மீனுக்காகக் கவலைப்பட்டாள்.

வேலணையும் புங்குடுதீவும் கடந்து போகும்போது மூத்தவள் கவனித்தது வேறு. "அம்மா, ஏன் இவ்வளவு வீடுகள் பூட்டிக் கிடக்கு?" கூரையில்லாத கல்வீடுகள், முற்றத்தில் பற்றை, கிணற்றைச் சுற்றி வடலிகள். 1990களின் ஆரம்பத்தில் யுத்தம் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்ததையும், பலர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டதையும் சொன்னேன். எங்கள் உறவினர்களிலும் அப்படிப் போனவர்கள் உண்டு என்பதால் அவளுக்கு அது உடனே விளங்கியது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் நீண்ட தாம்போதியில் பஸ் போகையில் இருவரும் யன்னலோடு ஒட்டிக்கொண்டார்கள்.

குறிகட்டுவானில் இரண்டு திசைப் பயணிகள் கலந்து நிற்பார்கள். நயினாதீவுக்குப் போகும் பக்தர்கள் ஒரு பக்கம், நெடுந்தீவுக்குப் போகும் சனங்கள் மறுபக்கம். நெடுந்தீவுப் பக்கத்தில் உல்லாசப் பயணிகளை விட ஊர்ச் சனங்களே அதிகம். எரிவாயுச் சிலிண்டர், சீமெந்து, மரக்கறி மூட்டை, கோழித்தீன், பாண் பெட்டி எல்லாம் படகில் ஏறின. நாங்கள் கடைத்தெருவில் எட்டி வாங்கும் பொருளெல்லாம் அந்தத் தீவுக்குக் கடல் கடந்துதான் போகவேண்டும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு தனியார் படகு. உயிர்காப்பு அங்கி தந்தார்கள், ஆனால் பெரியவர்களுக்கான அளவுதான் இருந்தது. இளையவளுக்கு அது சட்டைக்கு மேல் ஒரு கூடாரம்போல் தொங்கியது. என் சால்வையால் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். தீவுப் பிள்ளைகள் நாளாந்தம் போய்வரும் வழி இது. பிள்ளைகளின் அளவில் அங்கி இருக்கவேண்டும் என்று படகில் ஏறும் ஒவ்வொருவரும் கேட்கவேண்டும். நானும் கேட்டேன்.

நெடுந்தீவுக்கான கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். முதல் பத்து நிமிடம் இளையவள் உற்சாகமாக இருந்தாள். படகு நடுக்கடலுக்கு வந்து ஆடத் தொடங்கியதும் முகம் வெளிறிவிட்டது. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "திரும்பிப் போவம்" என்று அழுதாள். பக்கத்தில் இருந்த தீவுப் பெண் ஒருவர், "குனியாதை பிள்ளை, நிமிர்ந்து தூரத்தில தெரியிற கரையைப் பார், தலை சுத்தாது" என்றார். கடலோடு வாழும் சனங்களின் அனுபவம் அது. கண் ஒரு நிலையான இடத்தைப் பிடித்துக்கொண்டால் மயக்கம் குறையும். மூத்தவள் தங்கச்சியைத் தூக்கி நிமிர்த்தி, "அங்க பார், அதுதான் நெடுந்தீவு, எவ்வளவு பெருசா வருது பார்" என்று காட்டிக்கொண்டே வந்தாள். அழுகை நின்றது. மாவிலித்துறையில் இறங்கும்போது, "நான் அழேல்ல, கண்ணுக்க உப்புத் தண்ணி" என்று இளையவள் எல்லோருக்கும் அறிவித்தாள்.

கல்லும் குதிரையும் பெருக்கமரமும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் நெடுந்தீவும் பெரியவற்றில் ஒன்று. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் தமது நாட்டு நகரங்களின் பெயர்களை எங்கள் தீவுகளுக்கு வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆனது, வேலணை லெய்டன் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆனது. மற்றவை மறைந்துபோக, டெல்ஃப்ற் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது.

துறையிலேயே முச்சக்கரவண்டிகள் நிற்கும். கூலியையும் பார்க்கும் இடங்களையும் முதலே பேசி முடித்துக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு வராது. எங்கள் வண்டிக்காரர் பெரியவர். பிள்ளைகளுக்கு அவர் அப்புவாகிவிட்டார்.

நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுவது வேலி. யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலியும் கிளுவை வேலியும் மதிலும் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது புதுமை. முருகைக் கற்களைச் சாந்தோ சீமெந்தோ இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். தோட்டம் கொத்தும்போது நிலத்திலிருந்து வரும் கல்லே வேலியாகிறது. நிலமும் சுத்தமாகும், மாடும் ஆடும் உள்ளே வராது. மூத்தவள் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதற்குள் சிறு சிறு பூப்போன்ற துளைகள். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்த முருகைகளின் எச்சம் அது என்று சொன்னதும் மெதுவாக அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மருத்துவமனைக்கு அருகே பழைய கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. அதுவும் முருகைக்கல்லால் கட்டப்பட்டதுதான். போர்த்துக்கேயர் காலத்தது என்று சொல்லப்படுகிறது. சுவர்கள் இன்னும் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கின்றன. கவனமாகப் பார்க்கவேண்டும், பிள்ளைகளைச் சுவரில் ஏற விடக்கூடாது. அடுத்தது புறாக்கூடு. தூண்போல உயர்ந்த அந்தக் கட்டடத்தில் புறாக்கள் தங்குவதற்கான பொந்துகள் வரிசையாக இருக்கின்றன. தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில் ஆட்சியாளர்கள் புறாக்களின் காலில் கடிதம் கட்டி அனுப்பினார்கள். "புறாவுக்கு வீட்டு விலாசம் எப்பிடித் தெரியும்?" என்று இளையவள் கேட்டாள். புறாவுக்குத் தன் கூட்டுக்குத் திரும்பும் வழி மட்டும்தான் தெரியும், அதனால் போகும் இடத்துக்கு முதலே அதைக் கூண்டில் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன்.

பெருக்கமரம் இளையவளுக்குப் பிடித்த இடம். ஆபிரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தை அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள். மன்னாரிலும் இருக்கிறது. நெடுந்தீவு மரத்தின் அடிப்பகுதியில் வாசல்போல ஒரு பிளவு. உள்ளே போனால் ஓர் அறைபோல இருக்கிறது. நாங்கள் மூவரும் உள்ளே நின்றும் இடம் மிஞ்சியது. வெளியே கொதிக்கும் வெயில், உள்ளே குளிர்ச்சி. "எங்கட வீட்டை விட இது வடிவு" என்று அவள் அங்கேயே இருந்துவிட்டாள். கூட்டிவருவதற்குப் பனங்கட்டி தேவைப்பட்டது.

பிறகு குதிரைகள். ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் பரம்பரை இவை. ஆங்கிலேயர் ஆட்சியின் ஆரம்பத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். அக்காலத்து லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. பின்னர் கைவிடப்பட்ட குதிரைகள் தாமாகவே தெற்கு வெளியில் வாழப் பழகிக்கொண்டன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நாங்கள் போனபோது குளத்தின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் நின்றன. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. கோடையில் குளங்கள் வற்றும்போது தண்ணீரில்லாமல் குதிரைகள் இறப்பதுண்டு என்றும், ஊர்ச் சனங்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரை வைப்பதுண்டு என்றும் வண்டிக்காரர் சொன்னார். அந்தத் தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்பு நீரின் மேல் மிதக்கும் மழைநீர்தான். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் அந்த மெல்லிய படையை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும். அங்கே ஒரு வாளி தண்ணீர் கொடுப்பதன் பெறுமதி அதிகம்.

கடைசியாக 'வளரும் கல்'லைப் பார்த்தோம். ஆளுயரத்தை விட உயர்ந்து நிற்கும் அந்த முருகைக்கல் ஆண்டுக்காண்டு வளர்கிறது என்று ஊரவர் நம்புகிறார்கள். பூவும் வைக்கிறார்கள். மூத்தவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கொப்பியை எடுத்து, அடியில் சுற்றளவைத் தன் கைச்சாணால் அளந்து எழுதிக்கொண்டாள். "அடுத்த முறை வந்து பார்ப்பம்" என்றாள். "உன்ர சாணும் வளர்ந்திடுமே" என்று வண்டிக்காரர் சிரித்தார். அவள் யோசித்துவிட்டு, அப்புவிடம் ஒரு துண்டுக் கயிறு வாங்கி மீண்டும் அளந்து, முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

மாவிலித்துறையில் காத்திருந்தபோது

திரும்பும் படகு பிற்பகலில். இறங்கும்போதே நேரத்தைக் கேட்டு வைத்திருந்ததால் அரை மணித்தியாலம் முன்னதாகவே துறைக்கு வந்துவிட்டோம். அங்கே குமுதினிப் படுகொலையின் நினைவுத்தூபி இருக்கிறது. மூத்தவள் அதன் முன் நின்றுவிட்டாள். "இது என்னம்மா?"

அவளுக்குப் பத்து வயது. முழுவதையும் சொல்லும் வயதல்ல, பொய் சொல்லும் வயதுமல்ல. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி இந்தத் துறையிலிருந்து குமுதினிப் படகில் போன சனங்களை நடுக்கடலில் மறித்துக் கொன்றார்கள் என்றும், பெண்களும் சிறுபிள்ளைகளும் அதில் இருந்தார்கள் என்றும் சொன்னேன்.

"நாங்கள் வந்த கடலிலயோ?"

"ஓம்."

"பிறகும் ஆக்கள் படகில போனவையோ?"

எனக்கு முன்னரே, பக்கத்தில் மூட்டையோடு இருந்த ஒரு ஆச்சி பதில் சொன்னா. "போகாமல் என்ன செய்யிறது மோனை? எனக்கு அப்ப வயித்தில பிள்ளை. அடுத்த மாசமே படகில தான் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குப் போனனான். கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். பிள்ளை சுகமாப் பிறந்துது." ஆச்சி இதைச் சொல்லிவிட்டு, மூட்டையிலிருந்து இரண்டு ஒடியற் துண்டுகளை எடுத்துப் பிள்ளைகளிடம் நீட்டினா.

தீவில் வைத்தியசாலை உண்டு. ஆனால் கடுமையான நோயாளியையும் சிக்கலான பிரசவத்தையும் கடல் தாண்டித்தான் கொண்டுபோகவேண்டும். எங்களுக்கு அன்று ஒரு நாள் உல்லாசமாக இருந்த கடற்பயணம், அந்தத் தீவுப் பெண்களுக்கு ஆயுள் முழுவதும் செய்யவேண்டிய கட்டாயப் பயணம். இதைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவில்லை. ஆச்சி விளக்கிவிட்டா.

திரும்பும் வழியில் காற்று கொஞ்சம் கூடியிருந்தது. படகு ஆடியது. இளையவள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து புங்குடுதீவுக் கரையைப் பார்த்தபடி வந்தாள். மூத்தவள் மட்டும் நீண்ட நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்திருந்தாள். நானும் விடவில்லை.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

காலையில் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். படகு நேரங்கள் காற்றையும் நாளையும் பொறுத்து மாறும், முதல் நாளே விசாரியுங்கள். குடிதண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், தீவின் தண்ணீர் தீவுக்கே போதாது. மலசலகூட வசதி எல்லா இடத்திலும் இல்லை. பெண்பிள்ளைகளோடு போகிறவர்கள் துறையில் இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்வது நல்லது. எங்களுக்குத் தீவில் ஒரு வீட்டுக்காரர் மனமுவந்து உதவினார். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், குதிரையும் மாடும் பிளாஸ்ரிக்கைத் தின்னும்.

செலவைப் பொறுத்தவரை, முச்சக்கரவண்டிக் கூலிதான் பெரியது. இரண்டு மூன்று தாய்மார் பிள்ளைகளோடு சேர்ந்து போனால் அதையும் பங்கிடலாம். எங்கள் பகுதிச் சிறுசேமிப்புக் குழுச் சகோதரிகள் சிலரிடம் இதைச் சொன்னபோது, மாதம் சிறுதொகை ஒதுக்கி இந்த ஆண்டுக்குள் ஒரு முறை போவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், தன் நாற்பத்தைந்து வயதில் இதுவரை படகில் ஏறியதில்லை என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை மூத்தவள் வழமைபோல வகுப்புக்குப் போனாள். பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, படிக்கிறாள். முடிச்சிட்ட கயிறு அவளுடைய மேசை இலாச்சிக்குள் இருக்கிறது. அடுத்த மாசியில் மீண்டும் போய்க் கல்லை அளக்கவேண்டும் என்று தங்கச்சிக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். அதற்குள் அவள் பெரியபிள்ளை ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மாமி கேட்டா. அப்போதும் அடுத்த மாசியில் போவோம் என்று சொல்லியிருக்கிறேன். இம்முறை மாமியையும் கூட்டிக்கொண்டு.